முன்னால் நடப்பவர்

"எப்பப் பாரு முன்னாடியே ஓடுறீங்களே, அப்படி என்ன அவசரம்?"

"பாதையில பாம்பு கிடந்தா முதல்ல என்னையத்தான கடிக்கும்? உனக்கு லாபம்தானே."

"உங்க வேகத்தைப் பாத்தா பாம்பே ஒதுங்கிக்கும்."

"அப்பறம் என்ன, பேசாம வா."

சடையப்பனும் பொற்கொடியும் கடைசியாக இப்படிப் பேசிக்கொண்டது ஒரு தை மாதக் காலையில். கல்யாணமான மறு வருடத்திலிருந்து மாறாமல் வந்த பேச்சு அது. அவர்களுடைய மலையூரான மந்திக்கல்லில் விளைநிலத்துக்கே காடு என்றுதான் பெயர். விடிந்ததும் அவர் தன் பூண்டுக் காட்டின் உச்சியிலிருந்து அடிக்கட்டு வரை ஒருமுறை இறங்கிப் பார்ப்பார். அவள் கூடையோடு பின்னால் வருவாள்.

அந்த மறு வருடத்தில்தான் ஒரு காட்டுமாடு அவரை முட்டித் தள்ளியது. இடது கால் அதற்கப்புறம் தரையில் இழுபட்டது. அன்றிலிருந்துதான் அவர் வேகமாக நடக்கத் தொடங்கினார். இழுக்கிற காலை வைத்துக்கொண்டு அப்படி நடக்கும் மனிதரை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. "பாத்து, மெதுவா" என்று அக்கறையாகச் சொன்ன சொந்த மாமனாரிடம் அந்த வருடப் பூண்டு அறுவடை முடியும்வரை அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதனால் பொற்கொடி கேட்க நினைத்ததைக் கேட்டதே இல்லை. பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் நில்லுங்க, நானும் வர்றேன். அவ்வளவுதான். அது நாக்கு வரை வரும்போதெல்லாம் அதை விழுங்கிவிட்டு, என்ன அவசரம் என்று கேட்பாள். அவர் பாம்பைச் சொல்வார். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். அவர் முதுகு மூடுபனிக்குள் போய்விடும்.

மாசியில் அவர் இறந்துபோனார். நெஞ்சு வலி. வத்தலக்குண்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

புரட்டாசி கடைசியில், ஒரு மதிய நேரம், மண்காப்பு நிலையத்தின் ஜீப் வந்து வாசலில் நின்றது. இறங்கியவள் ஆக்னஸ். மூன்று வருடங்களுக்கு முன் இந்த மலைச்சரிவில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் இழை போட வந்தவள். ஊரே அவளை 'மண்ணு மேடம்' என்றுதான் கூப்பிடும். நடுவில் வேறு மலைக்கு மாற்றிவிட்டதால் ஒரு வருடமாக ஆளைக் காணவில்லை.

"நல்லா இருக்கீங்களாக்கா? அண்ணன் எங்க?" என்றாள், மண்ணின் அசைவைப் பதிவுசெய்து காட்டும் கணினிப் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர்கிட்ட கொஞ்சம் பேசணும். நடக்கட்டும், வேணாங்கல. அதுக்காக ஒரு நாளைக்கு இத்தனை தடவையா? காடு தாங்காதுக்கா. அசைய ஆரம்பிச்சிருச்சு."

பொற்கொடி வாசலில் கிடந்த கூடையை ஓரமாக எடுத்து வைத்தாள்.

"அதுலயும் இறங்குறது மட்டும்தான் பதிவாகுது. ஏறுறதே பதிவாகல. வேற பக்கமா சுத்தி ஏறிப் போறாரா?"

"உள்ள வாங்க மேடம்" என்றாள் பொற்கொடி. "குளிருக்கு வரக்காப்பி போடுறேன்."

ஆக்னஸ் குனிந்து உள்ளே வந்தாள். சுவரில் சடையப்பனின் படம் இருந்தது. படத்தில் மாலை இருந்தது. அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். அதில் கால்தடங்களால் ஆன ஒரு கோடு மேலிருந்து கீழே நகர்ந்துகொண்டிருந்தது. அழுத்தமான வலது கால். இழுபடும் இடது கால்.

"எப்போக்கா?" என்றாள்.

"மாசியில."

கோடு அடிக்கட்டைத் தொட்டு நின்றது. சற்று நேரத்தில் மறுபடி உச்சியில் தொடங்கியது.

இழை வருவதற்கு முன் அந்த ஊர் எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மேலே இருந்த சோலையை அழித்துத் தைலமரம் வைத்தார்கள். பிறகு அதையும் வெட்டிக் காடாக்கினார்கள். கிழங்குக்கும் பூண்டுக்கும் வருடத்துக்கு இருமுறை மண்ணைக் கிளறினார்கள். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் மேல்மண் கரைந்து ஓடையில் போனது. எலும்பு தெரிவதுபோல் மஞ்சள் பாறை தெரிய ஆரம்பித்தது. ஒரு வருடம் மூன்று காடுகள் ஒரேயடியாகச் சரிந்து, ஒரு வீட்டை ஆட்களோடு மூடிவிட்டன. அதற்குப் பிறகுதான் இழை. காளான் இனம். கிளறிப் பார்த்தால் வேகவைத்த சேமியா போல வெள்ளையாக இருக்கும். ஊர்க்காரர்கள் அதைச் சேமியா என்றே சொன்னார்கள். அது மண்ணைக் கட்டிப் பிடித்தது. மூன்று மழைக்கு ஒரு கூடை மண்கூட இறங்கவில்லை.

"யாரு, மண்ணு மேடமா!" என்று சத்தம் கேட்டது. கீழ்காட்டுக் குழந்தைவேலு வாசலில் நின்றான், குரங்குக் குல்லாவைக் கழற்றியபடி. "நல்ல நேரத்துல வந்தீங்க. எங்க வீட்டுப் பின்சுவரு வாயைப் பிளந்து நிக்குது. அதுலயும் கொஞ்சம் சேமியா போட்டு ஒட்டிவிடுங்க. மக தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. குளிரு உள்ள வருது."

ஆக்னஸ் சிரிக்கவில்லை. "உங்க சுவரை மேல இருக்கற காடு தள்ளுது, வேலண்ணே. மொத்தக் காடும் தினம் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்குது. அண்ணன் நடக்கற தடத்துல."

"எந்த அண்ணன்?"

பொற்கொடி காப்பியை அவன் கையில் கொடுத்தாள். "உங்க அண்ணந்தான் தம்பி. வேற யாரு."

அவன் டம்ளரைத் திண்டாட்டமாகப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஆக்னஸ் பொறுமையாகச் சொன்னாள். "இழைக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல. எடை மட்டும்தான் தெரியும். கால் படற இடத்துல இறுகிக்கும். ஒருத்தர் தினம் ஒரே நேரத்துல, ஒரே தடத்துல நடந்தா, போகப்போக அவர் வர்றதுக்கு முன்னாடியே இறுகப் பழகிக்கும். ஒரு இடம் இறுகினா அடுத்த இடம் தயாராகும். அப்படியே வரிசையா."

"பால் கறக்கற நேரம் வந்தா, கை படறதுக்கு முன்னாடியே மாடு மடி விடுமே, அது மாதிரி" என்றாள் பொற்கொடி.

"அதேதான்க்கா. ஆள் வரலைன்னா கொஞ்ச நாள்ல மறந்துரும். மறந்திருக்கணும். இது மறக்கல. அதோட, முடியவும் மாட்டேங்குது. கீழ வந்து முடிஞ்சதும் மறுபடி மேல ஆரம்பிக்குது. ஒவ்வொரு நடைக்கும் மண்ணு ஒரு மயிரிழை கீழ இழுபடுது." அவள் குழந்தைவேலுவிடம் திரும்பினாள். "காட்டுல யாராவது மண்ணை வெட்டினீங்களா?"

"சேச்சே. நீங்கதான் வெட்டக் கூடாதுன்னீங்களே." பிறகு அவன் தலையைச் சொறிந்தான். "காரியத்தன்னிக்கு ஒரு ஏழெட்டுக் கூடை. அது கணக்குல வராதுல்ல?"

"எதுக்கு வெட்டினீங்க?"

"இது என்ன கேள்வி மேடம்? மேல்காட்டு மண்ணு மழைக்கு எங்க காட்டுல இறங்கிரும். வருசாவருசம் மேல்காட்டுக்காரன் வந்து அள்ளிட்டுப் போவான். அவன் செத்துட்டா, கீழ்காட்டுக்காரன்தான் சும்மாடு கட்டித் தலையில சுமந்து கொண்டுபோய் உச்சியில கொட்டணும். செத்தவன் மண்ணை வச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்க முடியுமா?"

"இழை போட்டதுக்கப்புறம் மண்ணு இறங்கவே இல்லையே."

"இறங்கலதான். அதுக்காக அண்ணன் காரியத்துக்கு வெறுந்தலையோட போறதா? அடிக்கட்டுல வெட்டி எடுத்தேன்."

"வெட்டாதீங்கன்னு அத்தனை தடவை சொன்னோமே!"

"பயிருக்கு வெட்டாதீங்கன்னீங்க. காரியத்துக்கு வெட்டாதீங்கன்னு சொல்லலையே."

ஆக்னஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நடை முடிகிற மண்ணை எடுத்துக் கொண்டுபோய் நடை தொடங்குகிற இடத்தில் கொட்டியிருக்கிறான். கீழே கடைசி அடி இறுகும் அதே நேரத்தில், மேலே கொட்டிய மண்ணும் பழக்கத்தில் இறுகுகிறது. பக்கத்தில் இருக்கும் மண், ஆள் வந்துவிட்டார் என்று நினைத்து முதலடியைத் தொடங்கிவிடுகிறது. இதை அவள் விளக்கிச் சொன்னபோது குழந்தைவேலுவின் முகம் கறுத்துவிட்டது.

"அப்ப நான்தான் அண்ணனை முடிக்கவிடாம நடக்க வச்சிருக்கேனா, மதினி?"

"நீங்க மரியாதை செஞ்சீங்க தம்பி" என்றாள் பொற்கொடி. "காப்பியக் குடிங்க."

"திருப்பி அள்ளிட்டு வந்துரட்டுமா மேடம்?"

"இத்தனை மாசத்துல அது மேல இருக்கற மண்ணோட சேர்ந்து பின்னிக்கிச்சு. பிரிக்க முடியாது."

மறுநாள் விடியலில் ஆக்னஸ் தனியாக அடிக்கட்டின் கல் மேல் நின்றாள். பனி தாழ இறங்கியிருந்தது. பூண்டுத் தாள்கள் அசையாமல் நின்றன. முதலில் சத்தம்தான் வந்தது. ஈர மணலை யாரோ மிதிப்பதுபோல் ஒரு சர்க். பிறகு தரையோடு தரையாக எதையோ இழுக்கும் ஓசை.

மேலே பாதையில் ஒரு பாத அளவு மண் வெளுத்தது. இறுகிய மண்ணிலிருந்து ஈரம் விலகி, காய்ந்த அடையாளம் மட்டும் தெரிந்தது. அதற்கடுத்து ஒரு நீண்ட கீற்று. அடுத்த பாதம். அடுத்த கீற்று. பக்கத்துத் தாள்கள் ஒவ்வொன்றாக நடுங்கி அடங்கின. யாரும் இல்லாத பாதையில் ஒரு மனிதர் வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்.

எழுதிப் படித்து, தானே போட்டுவிட்ட இழைதான். ஆனாலும் ஆக்னஸ் கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

அவருக்குப் பின்னால், மூடுபனியிலிருந்து பொற்கொடி வந்தாள். வெறுங்கூடையை இடுப்பில் வைத்திருந்தாள். வெளுத்த அடையாளங்களின் மேலேயே, ஒன்று விடாமல், தன் காலை வைத்து வந்தாள். அவருடைய நடைக்கு ஈடுகொடுக்க மூச்சு வாங்கியது.

அடிக்கட்டில் அவள் நின்றாள். ஆக்னஸை எதிர்பார்த்திருந்தவள்போல், "மழையில நனைஞ்சாக்கூட வர்றாரு மேடம். குல்லா இல்லாம" என்றாள்.

"தினமுமா?"

"காலையில மட்டும். பகல்ல வேலை கிடக்குல்ல. மக தேனிக்குக் கூப்பிடுறா. எப்படிப் போறது, சொல்லுங்க."

ஆக்னஸ் பலகையைப் பார்த்தாள். பாரமான நடைக்குப் பின்னால் மெல்லிய நடை ஒன்றும் அதில் ஓடியது. நேற்றைய பதிவில் அதுவும் பகல் முழுக்க ஓடியிருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

"அக்கா, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. அவர் முன்னால போறதால நீங்க பின்னால போறீங்கன்னு நினைக்கிறீங்க. அது அப்படி இல்ல. அது ஆளை எதிர்பார்த்து இறுகுது. நீங்க வந்து அது மேல கால் வைக்கறீங்க. எதிர்பார்த்த ஆள் வந்துட்டாருன்னு அது நம்புது. நீங்க பின்னால நடக்கறதாலதான் அவர் முன்னால நடக்கறார்."

பொற்கொடி கூடையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள்.

"ஆபீஸ்ல சுண்ணாம்புக் கரைசல் ஊத்தச் சொல்றாங்க. ஊத்தினா இழை மொத்தமும் செத்துரும். ஆனா ஐப்பசி மழை வாசல்ல நிக்குது. பிடிமானமில்லாத மண்ணு நேரா வேலண்ணன் வீட்டு மேல போய் விழும். அதுக்குக் கீழ இன்னும் வீடுகள் இருக்கு. ஊத்தாம விட்டாலும் அதேதான், கொஞ்சம் மெதுவா."

"மண்ணைக் கட்டத்தான் கொண்டாந்தீங்க" என்றாள் பொற்கொடி. கோபம் இப்போதுதான் எட்டிப் பார்த்தது. "எங்களையும் சேத்துல்ல கட்டிருச்சு? நடக்காம விட்டா காடு இளகிரும்னு, திருப்பூர்ல வேலையில இருந்த வேலு தம்பி மவன் திரும்பி வந்து வரப்புல நடந்துக்கிட்டு இருக்கான். ஊர்ல ஒருத்தரும் ஒரு கல்யாணம் காட்சிக்குப் போய் நாலு நாள் தங்க முடியல. இப்ப போனவரையும் விடமாட்டேங்குது. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"எங்களுக்கே தெரியலக்கா. மழையில நிக்குமான்னு மட்டும்தான் சோதிச்சோம். மனுசங்க நடக்கற மண்ணுன்னு யோசிக்கல."

மேலே மறுபடி சர்க் என்றது.

"வேற வழி ஒண்ணு இருக்கு" என்றாள் ஆக்னஸ். "இந்த மண்ணுக்குத் தெரிஞ்ச எடை ரெண்டே ரெண்டு. ஒண்ணு அவரு, ஒண்ணு நீங்க. நான் போய்க் குறுக்க நின்னா, கல்லுன்னு நினைச்சு சுத்திக்கிட்டுப் போயிரும். பழகின எடை பாதையில அசையாம நின்னா, நடை அந்த இடத்துல நின்னுரும். நின்ன இடத்துலயே மொத்தமா இறுகி உட்கார்ந்துக்கும். மழைக்கும் அசையாது."

"அப்பறம்?"

"அப்பறம் நடக்காதுக்கா. திரும்ப எப்பவும்."

பொற்கொடி அடிக்கட்டுக்குக் கீழே பார்த்தாள். குழந்தைவேலு வீட்டுப் புகைபோக்கியில் புகை எழுந்தது. பின்சுவரில் கோணியை அடைத்து வைத்திருந்தார்கள். கொடியில் குழந்தைக்காக இப்போதே கிழித்துத் துவைத்த பழஞ்சேலைத் துண்டுகள் ஆடின.

"நாளைக்கு நிக்கறேன்" என்றாள்.

மறுநாள் அவள் பாதையின் பாதியில், மூன்றாவது கல்கட்டுக்குக் கீழே, உச்சியைப் பார்த்து நின்றாள். ஆக்னஸும் குழந்தைவேலுவும் தள்ளி நின்றார்கள். சத்தம் நெருங்க நெருங்க அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சர்க். இழுப்பு. சர்க். இழுப்பு. அது மிக அருகில் வந்தபோது அவள் உடம்பு தானாக வரப்போரம் ஒதுங்கியது. அவர் கடந்து போனார்.

கண்ணைத் திறந்தபோது பொற்கொடிக்கு வெட்கமாக இருந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் தெரியாமல் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்துவிட்டவள்போல் நெளிந்தாள்.

"வழி விட்டுட்டீங்கக்கா."

"எத்தனை வருசப் பழக்கம் மேடம். நான் என்ன செய்ய?"

குழந்தைவேலு துண்டால் முகத்தைத் துடைத்தான். "மதினி, நாங்க வேணா பள்ளிக்கூடத்துக்குப் போயி இருந்துக்கிறோம். போனா வீடு போகட்டும். நீங்க அண்ணனை…" அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை.

"பிள்ளைத்தாச்சியைப் பள்ளிக்கூடத்துல படுக்க வைக்கறதா? போங்க தம்பி. உங்க அண்ணன் கேட்டா என்னையத்தான் திட்டுவாரு."

அன்று சாயங்காலமே மேற்கே இடி இடித்தது. காற்றில் மழையின் வாடை வந்தது. பொற்கொடி சோறு வடித்தாள். தொட்டுக்கொள்ள, சடையப்பனுக்குப் பிடித்த பூண்டுத் துவையல் அரைத்தாள். சாப்பிட்டுவிட்டு வாசற்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

விடிந்ததும் அதே இடத்துக்குப் போனாள். இந்தமுறை கூடையைக் கொண்டுபோகவில்லை. செருப்பையும் கழற்றிவிட்டு, வெறுங்காலை மண்ணில் அகட்டி ஊன்றினாள். தூறல் தொடங்கியிருந்தது. ஆக்னஸ் பக்கத்தில் வரப் பார்த்தபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

இன்று கண்ணை மூடவில்லை.

முதலடி உச்சியில் வெளுத்தது. வலது பாதம். நீண்ட கீற்று. வலது பாதம். நீண்ட கீற்று. அதே வேகம், அதே வீம்பு. அவரை எதிரே நின்று பார்ப்பது இதுதான் அவளுக்கு முதல்முறை. இத்தனை வருடமும் அவள் பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான். வரும் வேகத்தைப் பார்த்தால் எதிரே நிற்பவரை இடித்துத் தள்ளிவிடுவார் போலிருந்தது. அவள் கால் விரல்கள் மண்ணைக் கவ்விப் பிடித்தன.

இரண்டாவது கல்கட்டை அவர் தாண்டினார். அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள்.

அவருக்குப் பின்னால், வெகுதூரத்தில், இன்னொரு தடம் வந்தது. சின்னப் பாதம். எடை குறைவு என்பதால் அவ்வளவாக வெளுக்கவில்லை. உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. இரண்டு அடி ஓடும். ஒரு அடி தயங்கும். மறுபடி ஓடும். இழுபட்ட கீற்றுகளின் மேலேயே விழுந்தடித்து வந்தது. கூடை கனக்கும்போது ஒருபக்கம் சாய்ந்து ஊன்றும் பாதம். எட்டிப் பிடிக்கவே முடியாத பாதம்.

அந்தப் பாதையில் இப்போது யாரும் நடக்கவில்லை. பொற்கொடி இங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

தூறல் அவள் முகத்தில் வழிந்தது. மூச்சிரைக்க ஓடிவரும் அந்தப் பெண்ணை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது வயதில் ஓடத் தொடங்கியவள். ஒருமுறைகூட வாயைத் திறந்து கேட்காதவள். கேட்டால் அவர் மனம் நோகும் என்று நினைத்து, பாம்புக் கதைக்குச் சிரித்துச் சிரித்தே இவ்வளவு தூரம் வந்தவள்.

சர்க். வலது பாதம் அவளுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. இடது கால் இழுபடத் தொடங்கியது. மண் அவள் உள்ளங்காலுக்கு அடியில் முறுக்கிக்கொண்டு ஏறியது. ஒதுங்கு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அவள் ஒதுங்கவில்லை. கை தானாக முன்னால் நீண்டது, ஒரு மார்பு இருக்க வேண்டிய உயரத்தில்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் பொற்கொடி. "பின்னால ஒருத்தி வர்றா, பாருங்க. அவளும் வரட்டும்."